ஜப்பானிய வாக்கியத்துக்குத் தமிழ் வழி

ஜப்பானிய மொழியின் தொடக்கப் பாடங்களை நம் மாணவர்கள் பெரும்பாலும் ஆங்கிலக் கையேட்டின் துணையோடுதான் படிக்கிறார்கள். பாடநூல் ஜப்பானியத்தில் இருக்கும். இலக்கண விளக்கம் ஆங்கிலத்தில் இருக்கும். ஆங்கிலம் பேசுபவருக்கு எது கடினமோ அதை அந்த விளக்கம் பக்கம் பக்கமாகச் சொல்லும். அவருக்கு எது சிக்கல் இல்லையோ அதை ஒரு வரியில் கடந்துவிடும். தமிழ் பேசுபவருக்கு இந்தக் கணக்கு அநேகமாகத் தலைகீழ். எளிதில் பிடிபடக்கூடிய இடத்தில் நம் மாணவர் வாரக்கணக்கில் நிற்கிறார். உண்மையில் வழுக்கும் இடத்தில் எச்சரிக்கையே இல்லாமல் நடக்கிறார். ஜப்பானிய வாக்கியத்தின் அடிப்படைகளைத் தமிழிலிருந்தே பார்த்தால் எவை கைக்கு வரும், எவை ஏமாற்றும் என்பதை ஒரு சுற்றுப் பார்ப்பதே இக்கட்டுரை.

எழுத்து பற்றி முதலில் ஒரு குறிப்பு. ஜப்பானியத்தில் வல்லொலியும் மெல்லிய ஒலிப்பும் வெவ்வேறு எழுத்துகள். தமிழில் ‘க’ ஒன்றே இரண்டுக்கும் ஆகும். ஆகவே இங்கே ‘க்க’ என்று எழுதினால் ‘அக்கா’வில் வரும் ஒலி, உருபாகத் தனியே ‘க’ என்று எழுதினால் ‘தங்கம்’ என்பதில் வரும் ஒலி.

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: ‘கினோ கத்த ஹொன் ஒ யொந்தெ இரு.’ கினோ என்றால் நேற்று. கத்த என்றால் வாங்கிய. ஹொன் என்பது புத்தகம். ‘ஒ’ நம் இரண்டாம் வேற்றுமை ‘ஐ’. யொந்தெ என்றால் படித்து. கடைசியில் ‘இரு’. நேற்று வாங்கிய புத்தகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்பது பொருள். ஒரு சொல்லைக்கூட இடம் மாற்ற வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் இதையே சொல்ல வினையை முன்னால் கொண்டுவந்து, புத்தகத்துக்குப் பின்னால் ஓர் இணைப்புத் தொடரைத் தொங்கவிட்டு, ‘நேற்று’ என்பதைக் கடைசிக்குத் தள்ள வேண்டும். தமிழ் மாணவர் இந்த வாக்கியத்தை ஆங்கில விளக்கத்தின் வழியே புரிந்துகொள்ளும்போது நேராக இருந்ததைக் கவிழ்த்து, பிறகு மறுபடி நிமிர்த்துகிறார்.

வினை கடைசியில் வருவது மட்டுமன்று ஒற்றுமை. பெயரெச்சம், வினையெச்சம், துணைவினை ஆகிய மூன்றும் அங்கே உண்டு. ‘தபெரு’ என்றால் சாப்பிடு. ‘தபெத்தெ’ என்றால் சாப்பிட்டு. ‘தபெத்தெ மிரு’ என்றால் சாப்பிட்டுப் பார். மிரு என்பதன் பொருளே பார் என்பதுதான். ‘தபெத்தெ ஷிமவு’ என்றால் சாப்பிட்டுவிடு. ‘கத்தெ ஒக்கு’ என்றால் வாங்கி வை; ஒக்கு என்ற வினைக்கும் வை என்றே பொருள். விருந்தாளி வருவதற்கு முன்பே பால் வாங்கி வைப்பது என்று நாம் எந்தக் கருத்தில் சொல்கிறோமோ, அதே கருத்தில் அவர்களும் சொல்கிறார்கள். ‘மொத்தெ குரு’ கொண்டு வா. ‘மொத்தெ இக்கு’ கொண்டு போ. ‘தொ’ என்னும் இடைச்சொல் நம் ‘என்று’: அவர் வருவார் என்று சொன்னார், அவர் வருவார் என்று நினைக்கிறேன். ‘மொ’ என்பது நம் ‘உம்’. தரெ என்றால் யார். எதிர்மறை வினையோடு ‘தரெ மொ’ என்றால் யாரும். வினாவுக்கு வாக்கியத்தின் கடைசியில் ‘க்க’ சேர்த்தால் போதும். அதையே வினாச் சொல்லோடு சேர்த்து ‘தரெ க்க’ என்றால் யாரோ.

சுட்டுச் சொற்களில் ஈழத்தமிழர்கள் இன்னும் ஒரு படி முன்னால் நிற்கிறார்கள். கொரெ, ஸொரெ, அரெ, தொரெ என்று ஜப்பானியத்தில் நான்கு. என் அருகில் இருப்பது கொரெ, உங்கள் அருகில் இருப்பது ஸொரெ, இருவருக்கும் தள்ளி இருப்பது அரெ, வினாவுக்குத் தொரெ. இது, உது, அது, எது என்று யாழ்ப்பாணத்தில் சொல்லிப் பழகியவருக்கு இந்தப் பாடம் ஐந்து நிமிட வேலை. ‘உது’வைப் பேச்சில் இழந்துவிட்ட தமிழ்நாட்டு மாணவருக்குத்தான் ஸொரெ, அரெ இரண்டும் குழம்பும்.

இவ்வளவு ஒற்றுமையைக் கண்டவுடன் இரண்டும் ஒரே குடும்பத்து மொழிகளா என்ற கேள்வி எழும். எழுந்தும் இருக்கிறது. ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ (1919–2008) அதை நம்பினார். தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் இடையே சொல்லிலும் இலக்கணத்திலும் பண்பாட்டிலும் உறவு உண்டு என்று நிறுவப் பல ஆண்டுகள் உழைத்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அ. சண்முகதாஸும் மனோன்மணி சண்முகதாஸும் அந்த ஆய்வில் அவரோடு சேர்ந்து பணியாற்றினர். ஆனால் மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஓனோவின் முடிவை ஏற்கவில்லை. வினை கடைசியில் வரும் மொழிகள் பலவற்றில் உருபுகள் பின்னால் ஒட்டும். அடைமொழிகள் முன்னால் நிற்கும். கொரியம், மங்கோலியம், துருக்கியம் எல்லாவற்றிலும் இதைப் பார்க்கலாம். அமைப்பு ஒத்திருந்தால் இரத்த உறவு என்று ஆகிவிடாது. நம்மில் சிலர் மேடையில் இதைத் தீர்ந்த உண்மைபோலப் பேசுவது எனக்கு ஒப்பவில்லை. உறவு இல்லை என்றாலும் ஒற்றுமை ஒற்றுமைதான். மொழி கற்பவனுக்கு அதுவே பெரிய முதல்.

இனி உருபுகள். ‘நொ’ உடைமை, ‘கரா’ இருந்து, ‘மதெ’ வரை, ‘தொ’ உடன் என்றும் ஆகும். இவற்றில் சிக்கல் இல்லை. சிக்கல் ‘நி’, ‘தெ’ என்ற இரண்டில் இருக்கிறது. காரணம் நம்முடைய ‘இல்’. டோக்கியோவில் வசிக்கிறேன், டோக்கியோவில் வேலை செய்கிறேன் என்று நாம் ஒரே உருபால் சொல்வோம். ஜப்பானியத்தில் வசிப்பதற்கு ‘டோக்கியோ நி’, வேலை செய்வதற்கு ‘டோக்கியோ தெ’. ஒன்று இருக்கும் இடத்துக்கும், போய்ச் சேரும் இடத்துக்கும் ‘நி’. ஒரு செயல் நடக்கும் களத்துக்கும், செயலுக்கு உதவும் கருவிக்கும் ‘தெ’. பஸ்ஸைக் கொண்டு பார்த்தால் இன்னும் தெளிவாகும். பஸ்ஸில் ஏறினேன் என்றால் பஸ் நான் போய்ச் சேர்ந்த இடம்; ஆகவே ‘பஸு நி’. பஸ்ஸில் போனேன் என்றால் பஸ் என் பயணத்துக்குக் கருவி. ஆகவே ‘பஸு தெ’. தமிழில் இரண்டுமே ‘பஸ்ஸில்’தான். ஆங்கிலக் கையேடு இந்த இடத்தில் தன் முன்னிடைச் சொற்களை வைத்து விளக்கும்போது, நம் மாணவருக்கு ஏன் தவறு வருகிறது என்பதே தெரியாமல் போகிறது. இதேபோல ஆசிரியரைச் சந்தித்தேன் என்பதில் நாம் ‘ஐ’ போடுகிறோம்; அங்கே ‘ஸென்ஸெய் நி’ என்று வரும். எந்த வினை எந்த உருபைக் கேட்கும் என்பதை வினையோடு சேர்த்தே மனப்பாடம் செய்வது நல்லது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி அடுத்து வருவது. ஆங்கிலம் வழியே கற்பவர் ‘நான் மீனை விரும்புகிறேன்’ என்ற சட்டத்தோடு வருகிறார். ஜப்பானியத்தில் அது ‘வத்தஷி வ ஸக்கனா க ஸுக்கி தெஸ்’. வத்தஷி என்றால் நான், ஸக்கனா என்றால் மீன், ஸுக்கி என்றால் பிடித்தம்; பேச்சின் பொருளைக் காட்டும் ‘வ’வுக்குப் பிறகு வருவோம். மீனுக்கு ‘ஒ’ வராமல், எழுவாய்க்கு உரிய ‘க’ ஏன் வருகிறது என்று அவர் திகைப்பார். விதிவிலக்குப் பட்டியல் ஒன்றை அவரிடம் கொடுப்பார்கள்: பிடிப்பது, வேண்டுவது, தெரிவது, முடிவது, காதில் விழுவது, கண்ணில் படுவது, வலிப்பது ஆகியவற்றுக்கு ‘க’ வரும். தமிழர் அந்தப் பட்டியலைப் பார்த்தால் அது விதிவிலக்கே அன்று. எனக்கு மீன் பிடிக்கும். எனக்குத் தண்ணீர் வேண்டும். எனக்கு ஜப்பானிய மொழி தெரியும். எனக்குத் தலை வலிக்கிறது. எனக்கு மலை தெரிகிறது. எனக்குச் சத்தம் கேட்கிறது. நாமும் இங்கே ‘நான்’ என்று தொடங்குவதில்லை. பிடிப்பது மீன், வலிப்பது தலை. நான் ‘க்கு’ போட்டுக்கொண்டு ஓரமாக நிற்கிறேன். தமிழில் ‘எனக்கு’ என்று தொடங்கும் வாக்கியம் என்றால் ஜப்பானியத்தில் ‘வ – க’ அமைப்பு வரும் என்று எதிர்பார்க்கலாம். முழு விதி அன்று. ஆனால் தொடக்க நிலையில் பெரும்பாலான இடங்களுக்குப் பொருந்தும்.

இதற்குள் ஒரு கண்ணி உண்டு. அவனுக்குக் குளிர்கிறது என்று நாம் தயங்காமல் சொல்லுவோம். ஜப்பானியத்தில் பிறர் உணர்வை நேரடிச் செய்தியாகச் சொல்ல முடியாது. எனக்கு என்றால் ‘ஸமுயி’, குளிர்கிறது. அவனுக்கு என்றால் குளிர்வதுபோல் தெரிகிறது என்றோ, குளிர்வதாகக் காட்டிக்கொள்கிறான் என்றோ வினையை மாற்ற வேண்டும். அடுத்தவர் உடம்புக்குள் புகுந்து பார்க்க எனக்கு வழி இல்லை என்பதை இலக்கணமே ஒப்புக்கொள்கிறது.

‘வ’, ‘க’ இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஜப்பானிய இலக்கணத்தின் மையக் கேள்வி. ஜப்பானியர்களே இதில் நூறாண்டுக்கு மேல் வாதிட்டிருக்கிறார்கள். மேய்ஜி காலத்தில் ஓட்சுகி ஃபுமிஹிகோ போன்றோர் மேற்கத்திய இலக்கணத்தை முன்மாதிரியாகக் கொண்டு ஜப்பானிய இலக்கணம் எழுதியபோது, எழுவாய், பயனிலை என்ற சட்டம் உள்ளே வந்தது. உயர்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பித்த மிகாமி அகிரா (1903–1971) அந்தச் சட்டத்தையே மறுத்தார். ஜப்பானியத்தில் எழுவாய் என்று ஒன்று இல்லை, அந்தச் சொல்லைக் கைவிடுங்கள் என்றார். 1960-இல் வந்த அவருடைய நூலின் தலைப்பே ஒரு வாக்கியம்: ‘ஸோ வ ஹனா க நகய்’. ஸோ என்றால் யானை; ஹனா மூக்கு; நகய் நீளம். மேற்கத்தியச் சட்டத்தில் இந்த வாக்கியம் அடங்காது. யானையா எழுவாய், மூக்கா எழுவாய்? தமிழில் சொல்லிப் பாருங்கள்: யானைக்கு மூக்கு நீளம். நமக்கு இதில் எந்தப் புதிரும் இல்லை. யானையைப் பற்றிப் பேச்சை எடுத்தோம். அதற்கு மூக்கு நீளம் என்று முடித்தோம்.

ஆக, ‘வ’ பேச்சின் பொருளை நிறுத்திக் காட்டுகிறது. ‘க’ அந்த வினையைச் செய்தவர் அல்லது அந்தத் தன்மைக்கு உரியவர் யார் என்று காட்டுகிறது. பழங்கதைகளில் கிழவனும் கிழவியும் முதன்முதலாக வரும்போது ‘க’ வரும். அடுத்த வரியில் அவர்கள் நமக்கு அறிமுகமாகிவிட்டதால் ‘வ’ வரும். யார், எது என்ற வினாச் சொற்களுக்குப் பின் ‘வ’ வரவே வராது. ‘தரெ க கிமஷித்த க்க’, யார் வந்தது என்று கேட்டால் விடையிலும் ‘க’தான். அந்த ‘க’வில் நம் ‘தான்’ ஒளிந்திருக்கிறது: தம்பிதான் வந்தான். ‘வ’வுக்கு இன்னொரு வேலை ஒன்றை மற்றொன்றுக்கு எதிராக வைத்து வேறுபடுத்திக் காட்டுவது. மீன் சாப்பிடுவேன், இறைச்சி சாப்பிட மாட்டேன் என்று சொல்லும்போது இரண்டுக்கும் ‘வ’ போடுவார்கள். அப்படிப் போடும்போது ‘க’வும் ‘ஒ’வும் மறைந்துவிடும்; ‘நி’, ‘தெ’ போன்றவை மறையாமல் ‘நி வ’, ‘தெ வ’ என்று சேர்ந்து நிற்கும். தமிழில் ‘வ’வுக்கு நேரான ஒற்றை உருபு இல்லை. பேச்சில் ‘அவர் வந்து...’ என்று இழுக்கிறோமே, அது சற்று நெருங்கி வரும். எழுத்தில் அதுவும் வராது. சொற்களின் வரிசையாலும் குரலின் அழுத்தத்தாலும் நாம் செய்வதை அவர்கள் உருபால் செய்கிறார்கள். தமிழரும் உண்மையாகவே உழைக்க வேண்டிய இடம் இதுதான்.

‘பொக்கு வ உநகி த’ என்றொரு வாக்கியம் மொழியியலாளர்களிடம் புகழ்பெற்றது. பொக்கு என்றால் நான், உநகி விலாங்கு மீன். நான் விலாங்கு மீன் என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தவர்கள் சிரித்தார்கள். உணவு விடுதியில் என்ன வேண்டும் என்று கேட்டபோது சொன்ன விடை அது. எனக்குத் தோசை என்று சொல்பவருக்கு அதில் விளக்க ஒன்றுமில்லை.

வினைக்கு வருவோம். கையேடுகள் ‘தபெரு’வை நிகழ்காலம் என்று அறிமுகப்படுத்தும். தமிழ் மாணவர் உடனே ‘சாப்பிடுகிறேன்’ என்று குறித்துக்கொள்வார். தவறு அங்கேயே விதைக்கப்படுகிறது. ஜப்பானியத்தில் இறந்த காலம், இறந்த காலம் அல்லாதது என்று இரண்டே. அந்த இரண்டாவது நம் ‘சாப்பிடுவேன்’. நாளை சாப்பிடுவேன் என்பதும், தினமும் காலையில் சோறு சாப்பிடுவேன் என்பதும் தமிழிலும் ஒரே வடிவம், ஜப்பானியத்திலும் ஒரே வடிவம். தெரியும், புரியும், பிடிக்கும், முடியும் எல்லாம்கூட அதே வகை. இப்போது நடக்கும் செயலுக்குத்தான் ‘தபெத்தெ இரு’. ஆனால் இந்த ‘இரு’ எப்போதும் ‘கொண்டிரு’ ஆகாது. இறப்பது, திருமணமாவது, விழுவது போன்ற வினைகளோடு சேர்ந்தால் நிகழ்ந்து முடிந்த நிலையைக் காட்டும், திருமணமாகியிருக்கிறது என்பதுபோல. கிண்டாய்ச்சி ஹருஹிகோ 1950-லேயே ஜப்பானிய வினைகளை இந்த அடிப்படையில் வகைப்படுத்திக் காட்டினார். இருத்தல் வினையிலும் கவனம் வேண்டும். உயிர் அசைவு உள்ளவற்றுக்கு ‘இரு’, மற்றவற்றுக்கு ‘அரு’. பூனை நமக்கு அஃறிணை. அவர்களுக்கு மனிதனோடு சேர்ந்து ‘இரு’. மரம் மேசையோடு சேர்ந்து ‘அரு’.

வினை வடிவங்களை அட்டவணையாகப் படித்து மிரள வேண்டாம். படி என்னும் பொருள் தரும் ‘யொமு’வை எடுங்கள்: யொமனை, யொமிமஸ், யொமு, யொமெப, யொமோ. படிக்க மாட்டேன், படிப்பேன் என்று பணிவாக, படிப்பேன் என்று இயல்பாக, படித்தால், படிப்போம். ம, மி, மு, மெ, மோ என்று ஒரே மெய் ஐந்து உயிரோடு சேர்ந்து வருகிறது. நம் உயிர்மெய் வரிசையைப் படித்தவருக்கு இது கண்ணுக்குப் பழகிய காட்சி. ஜப்பானிய எழுத்து அட்டவணையே அ, க, ஸ, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று நம் நெடுங்கணக்கைப் போல ஓடுவது தற்செயல் அன்று. பௌத்தத்தோடு போன சித்தம் எழுத்துக் கல்வி, அதாவது வடமொழி ஒலியியல் அறிவு, அந்த வரிசையைத் தந்தது. ‘தபெரு’ போன்ற மற்றொரு வகை வினைகள் அடிச்சொல்லை மாற்றாமல் விகுதி மட்டும் ஏற்கும். வழிக்கு வராதவை என்று பெரிதாகச் சொல்லத்தக்கவை ‘செய்’, ‘வா’ என்னும் பொருளுள்ள ‘ஸுரு’, ‘குரு’ இரண்டே.

பெயரடைகளில் ஒரு வகை தானே காலம் காட்டும். ‘ஸமுயி’ குளிர்கிறது, ‘ஸமுக்கத்த’ குளிர்ந்தது, ‘ஸமுக்குனை’ குளிரவில்லை. பணிவுக்குக் கடைசியில் ‘தெஸ்’ வரலாம், ஆனால் காலம் காட்டுவது பெயரடையின் வேலை. மற்றொரு வகை பெயர்ச்சொல்லைப் போல நடந்து ‘தெஸ்’ஸிடமிருந்து காலத்தைப் பெறும். அல்ல, இல்லை என்ற நம் வேறுபாடும் அங்கே உண்டு: பெயருக்குப் பின் ‘ஜ னை’ என்றால் அல்ல, தனியே ‘னை’ என்றால் இல்லை.

பணிவு வினையின் வாலில் தங்குகிறது. மழை பெய்வதைக்கூடக் கேட்பவருக்கு ஏற்ப ‘ஃபுரு’ என்றோ ‘ஃபுரிமஸ்’ என்றோ சொல்ல வேண்டும். மழைக்கு எதற்கு மரியாதை என்று கையேடு படிப்பவர் கேட்கலாம். கோயம்புத்தூர்க்காரர் கேட்க மாட்டார்; ‘மழை பெய்யுதுங்க’ என்பதில் உள்ள ‘ங்க’ மழைக்கு உரியது அன்று என்று அவருக்குத் தெரியும். இதற்கு மேல், பேசப்படுபவரை உயர்த்தும் வினைகளும் தன்னைத் தாழ்த்தும் வினைகளும் தனியே உள்ளன. பணிவு மொழியின் பழைய மூன்று வகைப் பிரிவை 2007-இல் ஜப்பான் அரசின் பண்பாட்டு ஆலோசனைக் குழு ஐந்தாக விரித்தது. தொடக்க நிலையில் ‘மஸ்’, ‘தெஸ்’ இரண்டை மட்டும் உறுதியாகப் பிடித்துக்கொண்டால் போதும்.

தமிழ் வினையில் உள்ள, ஜப்பானியத்தில் இல்லாத ஒன்று உண்டு: வந்தேன், வந்தாய், வந்தாள் என்ற விகுதி. எல்லாருக்கும் ‘கித்த’ ஒன்றே. அப்படியிருந்தும் அவர்கள் நான், நீ என்ற சொற்களை நம்மைவிடக் குறைவாகவே சொல்கிறார்கள். யார் என்று எப்படித் தெரிகிறது? ஒரு பகுதி பணிவு வினைகளால். ஒரு பகுதி கொடுக்கல் வாங்கல் வினைகளால். நான் பிறருக்குக் கொடுத்தால் ‘அகெரு’. பிறர் எனக்குத் தந்தால் ‘குரெரு’. நான் பெற்றால் ‘மொரவு’. ‘ஹஹ க கத்தெ குரெத்த’ என்றால் அம்மா வாங்கித் தந்தாள்; எனக்கு என்று தனியே சொல்ல வேண்டியதில்லை, ‘குரெத்த’ அதைச் சொல்லிவிடுகிறது. ‘குரெத்த’ இல்லாமல் அம்மா வாங்கினாள் என்று மட்டும் நிறுத்தினால், வாங்கியது எனக்கு என்பதும் தெரியாது, அதற்கான நன்றியும் தெரியாது. தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் தா, வா இரண்டும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, கொடு, செல் இரண்டும் படர்க்கைக்கு உரியவை என்று பிரித்தது. மலையாளத்தில் இன்றும் தருவதும் கொடுப்பதும் வேறு. இன்றைய தமிழ்நாட்டுப் பேச்சில் ‘எனக்குக் கொடு’ என்பதும் சாதாரணம் ஆகிவிட்டதால், இருந்த பிடியை நாம் பாதி நழுவவிட்டோம்.

ஆனால் தொல்காப்பியக் கணக்கை அப்படியே கொண்டுபோகவும் முடியாது. தமிழில் ‘வா’ கேட்பவர் இருக்கும் இடத்துக்கும் பொருந்தும். ஆகவே நண்பர் தொலைபேசியில் கூப்பிட்டால் ‘இதோ வருகிறேன்’ என்போம். ஜப்பானியத்தில் ‘குரு’ பேசுபவரை நோக்கி வருவதற்கு மட்டும். நண்பரிடம் போவதானால் ‘இமா இக்கிமஸ்’, இப்போது போகிறேன் என்றுதான் சொல்ல வேண்டும். கொடுப்பதிலும் அப்படியே: உனக்குத் தருகிறேன் என்று நாம் சொல்வது அங்கே ‘குரெரு’ ஆகாது, ‘அகெரு’ ஆகும்.

நம் ஊர் வகுப்புகளிலும் புழங்கும் ‘மின்னா நொ நிஹொங்கோ’ பாடநூலில் ‘அகெரு’வும் ‘மொரவு’வும் ஏழாம் பாடத்தில் வருகின்றன, ‘குரெரு’ இருபத்துநான்காம் பாடம்வரை காத்திருக்கிறது. இந்த வேறுபாடு தன் மொழியில் இல்லாத மாணவருக்கு அந்த இடைவெளி நியாயமாக இருக்கலாம். தமிழ் வகுப்பில் ஏழாம் பாடத்தன்றே மூன்றையும் சேர்த்து, தா, கொடு, பெறு என்று கரும்பலகையில் பக்கத்தில் எழுதிப்போட்டு நடத்தலாம்.